ஈஎல்84 அவுட்புட் ஸ்டேஜை நாமே வடிவமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இணையத்தில் கிடைக்கிற சர்க்யூட்டைப் பார்த்தே ஒரு வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரைக் கட்டிவிடலாம். அது பாடவும் செய்யும். ஆனால் கையில் இருக்கிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 5 கிலோ ஓமுக்குப் பதில் 7 கிலோ ஓம் என்றால் என்ன ஆகும்? சப்ளை 270 வோல்ட்டுக்குப் பதில் 310 வந்து நின்றால் எந்த ரெசிஸ்டரை மாற்றுவது? இதற்கெல்லாம் அந்த சர்க்யூட்டிடம் பதில் இருக்காது. வடிவமைக்கத் தெரிந்தவர் ஒரு வரைபடத்தாளை எடுத்துக் கோடு போட்டு, பத்தே நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார்.

என் கட்சி இதுதான்: ஒரே ஒரு வால்வை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு ஸ்டேஜை முதலிலிருந்து கடைசி வரை காகிதத்தில் முடித்துவிடுங்கள். புஷ்-புல், அல்ட்ராலீனியர், பெரிய வால்வுகள் எல்லாம் அந்த ஒரே படத்தைத் திருப்பிப் போட்டவைதான். தேவையானவை ஓம் விதி, வரைபடத்தாள், அடிக்கோல், வால்வின் டேட்டாஷீட். சிமுலேஷன் மென்பொருள் நல்லதுதான். ஆனால் முதல் வடிவமைப்புக்கு வேண்டாம். அது விடையைத் தரும். அந்த விடை ஏன் வந்தது என்று சொல்லாது.

முதலில் உயிர்

வால்வு ஆம்ப்ளிஃபயரில் 300 வோல்ட் டி.சி. சாதாரணம். ஃபில்டர் கெப்பாசிட்டரில் தங்கும் சார்ஜ், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கேயே இருக்கும். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 300 வோல்ட்டில் சேர்த்து வைப்பது 4.5 ஜூல், இதயத்துக்கு ஆபத்து விளைவிக்க அது போதும். அதனால் சப்ளைக்குக் குறுக்கே 220 கே (கே என்றால் கிலோ ஓம்), 2 வாட் பிளீடர் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். அது இருந்தாலும் 300 வோல்ட் 5 வோல்ட்டுக்கு இறங்க ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பதானால் ஒரு கை மட்டும், மறு கை பின்னால். சேஸிஸுக்குக் கட்டாயம் எர்த். மல்டிமீட்டரை நம்பிக்கையாகக் கையாளத் தெரியாதவர்கள் முதலில் குறைந்த வோல்டேஜ் சர்க்யூட்களில் கை பழகிவிட்டு வரலாம்.

ஏன் ஈஎல்84?

பிலிப்ஸ் 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சிறிய பென்டோடு இது, அதாவது ஐந்து மின்முனை கொண்ட வால்வு. சூடான கேத்தோடு எலெக்ட்ரான்களை உமிழும், பிளேட் அவற்றை வாங்கும்; நடுவே உள்ள கிரிட்டில் சிக்னலைக் கொடுத்து அந்த ஓட்டத்தை ஆட்டுவிக்கிறோம், ஸ்கிரீன் அதை இழுத்துக்கொடுக்கும். அமெரிக்கப் பெயர் 6பிகியூ5; ரஷ்ய இணை 6பி14பி. நம் ஊரில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இதைத் தயாரித்திருக்கிறது. இன்றும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் புதிதாகச் செய்கிறார்கள். விலை கட்டுப்படியாகும். டிரைவ் செய்வது மிகச் சுலபம்: கிரிட்டில் ஏழெட்டு வோல்ட் உச்சம் கொடுத்தால் முழு பவரும் வந்துவிடும். 300பி மாதிரியான டிரையோடுக்கு (ஸ்கிரீன் இல்லாத மூன்று முனை வால்வு) இதைப் போலப் பத்து மடங்கு டிரைவ் வேண்டும். தொடக்கக்காரர் 300பி-யில் ஆரம்பிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை ஒரு காரணம், டிரைவர் ஸ்டேஜ் இன்னொரு தலைவலி.

டேட்டாஷீட்டைத் திறந்ததும் பார்க்க வேண்டியது எல்லைகளை. ஈஎல்84-க்கு: பிளேட்டில் வெப்பமாகப் போகலாம் என்ற பவர் 12 வாட், பிளேட் வோல்டேஜ் 300, ஸ்கிரீன் வோல்டேஜ் 300, ஸ்கிரீன் பவர் 2 வாட், கேத்தோடு கரண்ட் 65 மில்லிஆம்ப். பயாஸ் என்பது கிரிட்டைக் கேத்தோடைவிட நெகட்டிவாக நிறுத்தி, சும்மா இருக்கும்போது ஓடும் கரண்ட்டை முடிவு செய்யும் வோல்டேஜ். கேத்தோடு ரெசிஸ்டர் மூலம் பயாஸ் செய்தால் கிரிட் ரெசிஸ்டர் 1 மெகாஓம் வரை போகலாம். தனி நெகட்டிவ் சப்ளை மூலம் ஃபிக்ஸட் பயாஸ் என்றால் 300 கிலோ ஓமுக்கு மேல் கூடாது. இந்தக் கடைசி வரியைப் பலர் படிப்பதே இல்லை. படிக்காமல் ஃபிக்ஸட் பயாஸில் 470 கே போட்டால், வால்வு வயதாக ஆகக் கிரிட் கரண்ட் பயாஸை மெல்ல அரித்து, ஒருநாள் பிளேட் சிவந்து நிற்கும்.

இயங்கு புள்ளி

வரைபடத்தாளில் கிடைமட்டம் பிளேட் வோல்டேஜ், 0 முதல் 500 வரை. செங்குத்து பிளேட் கரண்ட், 0 முதல் 120 மில்லிஆம்ப் வரை. டேட்டாஷீட்டில் ஸ்கிரீன் 250 வோல்ட்டுக்கான வளைவுகளைப் பார்த்து அதிலேயே வரையுங்கள். முதலில் 12 வாட் எல்லைக்கோடு: 200 வோல்ட்டில் 60 மில்லிஆம்ப், 250-இல் 48, 300-இல் 40. இவற்றை இணைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். சும்மா இருக்கும்போது வால்வு நிற்கும் புள்ளி இதற்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

டேட்டாஷீட் தருகிற வழக்கமான புள்ளி 250 வோல்ட், 48 மில்லிஆம்ப். சரியாக எல்லையின் மேலேயே நிற்கிறது. நான் 44 மில்லிஆம்ப் எடுப்பேன், அதாவது 11 வாட். காரணம் நம் வீட்டு மின்சாரம். 230 என்று எழுதியிருக்கும், ராத்திரியில் 250 வந்து நிற்கும். வோல்டேஜும் கரண்ட்டும் சேர்ந்தே 9 சதவீதம் ஏறினால் 11 வாட் 13 வாட் ஆகிவிடும். கேத்தோடு பயாஸ் இதைக் கொஞ்சம் தடுத்துக்கொடுக்கும், முழுதாக அல்ல. உங்கள் பகுதியில் வோல்டேஜ் ஏறி இறங்குவது அதிகம் என்றால் 10 வாட்டில் நிறுத்துங்கள். காதுக்கு வித்தியாசம் தெரியாது, வால்வுக்குத் தெரியும்.

லோடு லைன்

சிக்னல் ஆடும்போது பிளேட் வோல்டேஜும் கரண்ட்டும் எந்தக் கோட்டின் மேல் நகரும் என்று காட்டுவது லோடு லைன். வடிவமைப்பின் இதயம் இதுதான், அவசரப்பட வேண்டாம்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி, டி.சி.க்கு வெறும் செம்புக் கம்பி. சில நூறு ஓம்தான். ஆனால் ஆடியோ சிக்னலுக்கு அது 5.2 கிலோ ஓம் மாதிரி நடந்துகொள்ளும். எனவே லோடு லைன் சப்ளை வோல்டேஜிலிருந்து தொடங்காது. இயங்கு புள்ளியின் ஊடாகப் போகும். 250 வோல்ட், 44 மில்லிஆம்ப் புள்ளியில் பென்சிலை வையுங்கள். கரண்ட் பூஜ்யத்துக்கு இறங்கினால் வோல்டேஜ் 44 மில்லிஆம்ப் பெருக்கல் 5.2 கே, அதாவது 229 வோல்ட் ஏறும். எனவே ஒரு முனை 479 வோல்ட், 0 மில்லிஆம்ப். மறுபக்கம் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்கினால் கரண்ட் 250 வகுத்தல் 5.2 கே, அதாவது 48 மில்லிஆம்ப் கூடும். அந்த முனை 0 வோல்ட், 92 மில்லிஆம்ப். இரண்டையும் இணைத்தால் லோடு லைன்.

இங்கேதான் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். சப்ளையே 270 வோல்ட்தான், பிளேட் எப்படி 450-க்கு மேல் போகும்? பிரைமரி ஒரு இண்டக்டர். கரண்ட் குறையத் தொடங்கியதும் அதில் தேங்கிய ஆற்றல் வோல்டேஜை சப்ளைக்கு மேலே தூக்கிவிடுகிறது. இதனால்தான் ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டக் கூடாது என்கிறார்கள். லோடு இல்லையென்றால் அந்த வோல்டேஜ் ஆயிரங்களில் ஏறி, டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷனையோ வால்வு சாக்கெட்டையோ துளைத்துக்கொண்டு போகும்.

இப்போது கோட்டின் மேல் பயணம் செய்து பாருங்கள். கிரிட் வோல்டேஜ் 0 என்ற வளைவைக் கோடு வெட்டுமிடம் சுமார் 30 வோல்ட், 86 மில்லிஆம்ப். பயாஸ் மைனஸ் 7.6 வோல்ட் என்று வைத்தால், எதிர்முனை மைனஸ் 15-ஐ ஒட்டிய வளைவில். அங்கே சுமார் 458 வோல்ட், 4 மில்லிஆம்ப். பவருக்கான சூத்திரம் எளிது: வோல்டேஜ் வீச்சைக் கரண்ட் வீச்சால் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும். 428 பெருக்கல் 0.082, வகுத்தல் 8: ஏறக்குறைய 4.4 வாட். டிரான்ஸ்ஃபார்மரில் பத்து சதவீதம் போனால் ஸ்பீக்கருக்கு 4 வாட். டேட்டாஷீட் 48 மில்லிஆம்ப்பில், 10 சதவீத டிஸ்டார்ஷனை ஏற்றுக்கொண்டு, 5.7 வாட் என்கிறது. விளம்பரத்தில் போடுவதற்கு நல்ல எண். கேட்பதற்கு நம் 4 வாட்டே மேல்.

லோடை மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் உண்மையான பாடம். 7 கே போட்டால் கோடு படுத்துவிடும். மேல் முனை பென்டோடு வளைவுகள் மடங்கும் முழங்கால் பகுதிக்குள் இடித்துக்கொண்டு போகும், அங்கே ஸ்கிரீன் கரண்ட் சட்டென ஏறும். 3.5 கே போட்டால் கோடு நிமிரும். மேலே நிறைய இடம் இருக்கும், ஆனால் கீழ்ப்பாதி 404 வோல்ட்டிலேயே கரண்ட் தீர்ந்து வெட்டுப்படும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இடத்தை இழக்கிற லோடுதான் நமக்கு வேண்டியது. பென்டோடுக்கு அது இயங்கு வோல்டேஜை இயங்கு கரண்ட்டால் வகுத்த எண்ணுக்குக் கொஞ்சம் கீழே வரும். 250 வகுத்தல் 0.044 என்பது 5.7 கே. நாம் எடுத்தது 5.2 கே. பொருந்துகிறதா?

ஒரு எச்சரிக்கை. 8 ஓம் ஸ்பீக்கர் என்பது எப்போதும் 8 ஓம் அல்ல. அதன் ரெசொனன்ஸ் பகுதியில் 30, 40 ஓம் கூடப் போகும். அப்போது பிளேட் பார்ப்பது 5.2 கே அல்ல, 20 கே-யைத் தாண்டும். கோட்டைப் படுக்க வைத்து ஒருமுறை வரைந்து பாருங்கள். பென்டோடுக்கு ஏன் நெகட்டிவ் ஃபீட்பேக் (அவுட்புட்டின் ஒரு பங்கை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பிக் கொடுப்பது) தேவைப்படுகிறது என்பது கண்ணாலேயே தெரியும்.

டிரான்ஸ்ஃபார்மர்

பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகும், போகட்டும். 5200 வகுத்தல் 8 என்பது 650; அதன் வர்க்கமூலம் 25.5. இதுதான் சுற்று விகிதம். கையில் பெயர் தெரியாத பழைய டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், பிரைமரிக்கு 12 வோல்ட் ஏ.சி. கொடுத்து செகண்டரியில் அளந்து பாருங்கள். 0.47 வோல்ட் வந்தால் விகிதம் 25.5. தலைகீழாகச் செய்யாதீர்கள்; செகண்டரிக்கு 12 வோல்ட் கொடுத்தால் பிரைமரியில் 300 வோல்ட் காத்திருக்கும்.

ஒரே வால்வு தனியாக வேலை செய்கிற இந்த சிங்கிள் எண்டட் ஸ்டேஜில் 44 மில்லிஆம்ப் டி.சி. எப்போதும் பிரைமரி வழியாக ஓடுகிறது. கோர் காந்தமாகி நிறைந்துபோகாமல் இருக்க, அதில் காற்று இடைவெளி விட்டிருக்க வேண்டும். அந்த இடைவெளி இண்டக்டன்ஸைக் குறைத்துவிடும். தாழ்ந்த சுரத்தின் எல்லையை முடிவு செய்வது இந்த இண்டக்டன்ஸ்தான். கணக்கு: லோடும் வால்வின் உள்தடையும் பேரலலாக நிற்கும் ஓமை, அதிர்வெண்ணின் 2π மடங்கால் வகுத்தால் தேவையான ஹென்றி. பென்டோடாக ஈஎல்84-இன் உள்தடை சுமார் 38 கே, 5.2 கே-யோடு பேரலல் செய்தால் 4.6 கே. 30 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் விழ வேண்டுமென்றால் 24 ஹென்றி தேவை. மலிவான டிரான்ஸ்ஃபார்மரில் 10 ஹென்றிதான் இருக்கிறதென்றால் அந்த எல்லை 73 ஹெர்ட்ஸ். வாங்கும்போது வாட் கணக்கை மட்டும் கேட்காமல், எத்தனை மில்லிஆம்ப் டி.சி.யில் எத்தனை ஹென்றி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். எடையும் ஒரு நல்ல சாட்சி: கையில் தூக்கினால் கனக்க வேண்டும்.

பயாஸும் ஸ்கிரீனும்

பிளேட் 44, ஸ்கிரீன் சுமார் 5, மொத்தம் கேத்தோடு வழியாக 49 மில்லிஆம்ப். 7.6 வோல்ட்டை 0.049-ஆல் வகுத்தால் 155 ஓம். கடையில் கிடைப்பது 150. அதில் எரியும் பவர் அரை வாட்டுக்கும் குறைவு, 2 வாட் ரெசிஸ்டர் போடுங்கள்.

கேத்தோடு பைபாஸ் கெப்பாசிட்டரில்தான் நிறையப் பேர் கணக்கை விட்டுவிடுகிறார்கள். 150 ஓமை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 100 மைக்ரோஃபாரட் போதும் என்று வரும். ஆனால் கெப்பாசிட்டர் பார்ப்பது 150 ஓமை மட்டுமல்ல. வால்வின் கேத்தோடுக்குள்ளே பார்த்தால் தெரியும் 85 ஓமும் பேரலலாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்து சுமார் 55 ஓம். 100 மைக்ரோஃபாரட்டுக்கு எல்லை 29 ஹெர்ட்ஸ், 470-க்கு 6 ஹெர்ட்ஸ். 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

கிரிட் ரெசிஸ்டர் 470 கே. கிரிட் பின்னிலேயே, அதாவது சாக்கெட்டின் 2ஆம் காலில் கால் ஒட்டினாற்போல, ஆஸிலேஷனைத் தடுக்கும் 2.2 கே ஸ்டாப்பர் ரெசிஸ்டர். ஈஎல்84 துடிப்பான வால்வு. ஸ்டாப்பர் தள்ளியிருந்தால் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் ஆஸிலேட் ஆகும், நமக்குத் தெரிவதெல்லாம் வால்வு காரணமின்றிச் சூடாவதும் ஒலி கரகரப்பதும்தான். 9ஆம் காலில், ஸ்கிரீனுக்கு, 100 ஓம். 3 கேத்தோடு, 4, 5 ஹீட்டர், 7 பிளேட். கீழிருந்து பார்த்து, இடைவெளியிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணவும்.

ஸ்கிரீனில் சும்மா இருக்கும்போது 250 பெருக்கல் 5 மில்லிஆம்ப், 1.25 வாட். முழு டிரைவில் ஸ்கிரீன் கரண்ட் இரட்டிப்பாகி 2 வாட் எல்லையைத் தாண்டும். பாட்டில் அது கணநேரம்தான், ஆனால் சைன் அலையை முழு பவரில் நிமிடக்கணக்கில் ஓட்டிச் சோதிக்காதீர்கள்.

சப்ளை

கீழிருந்து கூட்டிக்கொண்டு போகலாம். பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 250, கேத்தோடில் 7.6, பிரைமரியின் 300 ஓமில் 13: மொத்தம் 271 வோல்ட். ஸ்கிரீனுக்கு அதிலிருந்து 2.2 கே வழியாகக் குறைத்து, தனியாக ஒரு 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பென்டோடில் பிளேட் கரண்ட்டை ஆட்டுவிப்பது பிளேட் வோல்டேஜைவிட ஸ்கிரீன் வோல்டேஜ்தான். ஸ்பீக்கரில் ஹம் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. 200 வோல்ட் ஏ.சி. வைண்டிங்கும் சிலிக்கான் பிரிட்ஜும் 280-ஐ ஒட்டித் தரும், லோடில் இறங்கும். ஆனால் ஆன் செய்த முதல் சில நொடிகளில் வால்வு இன்னும் சூடாகவில்லை, லோடே இல்லை. கெப்பாசிட்டர்கள் 400 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்ப், முன்னால் ஒரு ஈசிசி83 (உள்ளீட்டைப் பெருக்கும் சிறிய டிரையோடு வால்வு) இருந்தால் இன்னும் 0.3. 2 ஆம்ப் வைண்டிங் வசதி. ஹீட்டர் கம்பிகளை முறுக்கி, சேஸிஸ் ஓரமாகக் கொண்டுபோங்கள்.

பென்டோடா, டிரையோடா?

ஸ்கிரீனை 100 ஓம் வழியாகப் பிளேட்டோடு சேர்த்துவிட்டால் அதே வால்வு டிரையோடு. உள்தடை 38 கே-யிலிருந்து சுமார் 2 கே-க்கு இறங்கும். அவுட்புட் பக்கம் பார்த்தால் 650-ஆல் வகுபட்டு 3 ஓம். பென்டோடில் அதே கணக்கு 58 ஓம். ஸ்பீக்கர் கோனைப் பிடித்து நிறுத்த ஆளில்லை என்று அர்த்தம். விலை என்னவென்றால் பவர்: டேட்டாஷீட்டின் டிரையோடு எண் 1.95 வாட். சென்சிட்டிவிட்டி அதிகமுள்ள ஸ்பீக்கருக்கு அது போதும், சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்குப் போதாது.

நடுவழி அல்ட்ராலீனியர். ஸ்கிரீனைப் பிரைமரியின் ஒரு டேப்பில், பெரும்பாலும் 43 சதவீதத்தில், இணைப்பது. 1951இல் ஹாஃப்லர், கெரோஸ் இருவரும் இதைப் பரவலாக்கினார்கள். பிளம்லைன் 1937லேயே காப்புரிமை எடுத்திருந்தார்.

நான் முதல் கட்டுமானத்துக்குச் சொல்வது பென்டோடும் 12 டெசிபல் ஃபீட்பேக்கும். ஈசிசி83 ஒரு ஸ்டேஜ் 55 மடங்கு பெருக்கினால், கிரிட்டின் 5.4 வோல்ட் ஆர்.எம்.எஸ்.ஸுக்கு 0.1 வோல்ட் உள்ளீடு போதும். ஃபீட்பேக்குக்குப் பின் 0.4 வோல்ட், எந்த சி.டி. பிளேயரும் கொடுக்கும். 58 ஓம் நான்கில் ஒன்றாகத்தான் குறையும் என்று நினைக்க வேண்டாம். லோடு இல்லாதபோது பென்டோடின் கெயின் எட்டு மடங்குக்கு மேல் ஏறுவதால் ஃபீட்பேக்கும் அந்த அளவு கூடுதலாகச் செயல்படும். முடிவில் 2 ஓமை ஒட்டி வந்து நிற்கும்.

முதல் முறை ஆன் செய்யும்போது

ரேடியோ மெக்கானிக்குகளின் சீரிஸ் பல்ப் போர்டை மிஞ்சிய கருவி இல்லை. 60 வாட் குண்டு பல்பை மெயின்ஸோடு சீரிஸில் போடுங்கள். வால்வு இல்லாமல் முதலில்: பல்ப் மினுக்கி அணைந்தால் சரி, பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட். அப்புறம் வால்வுகளைச் செருகி, ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை மாட்டி, பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுங்கள். கேத்தோடில் 7.2-இலிருந்து 8 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதை 150-ஆல் வகுத்து, ஸ்கிரீனின் 5 மில்லிஆம்ப்பைக் கழித்து, பிளேட் வோல்டேஜால் பெருக்கி 12 வாட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 1 கிலோ ஹெர்ட்ஸ் சைன் அலை; ரெசிஸ்டரில் 5.66 வோல்ட் ஆர்.எம்.எஸ். என்றால் 4 வாட். ஃபீட்பேக் கம்பியைக் கடைசியில் இணையுங்கள். ஊளையிட்டால் உடனே அணைத்து, செகண்டரியின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றுங்கள்.

அடுத்து புஷ்-புல்

புஷ்-புல் என்றால் இரண்டு வால்வுகள் எதிரெதிராக ஒரே டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டுவது. இரண்டு ஈஎல்84, 300 வோல்ட், தலா 36 மில்லிஆம்ப், பொதுவான 130 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர், பிளேட்டுக்குப் பிளேட் 8 கே. சும்மா இருக்கும்போது தலா 10.8 வாட். 1954இல் வந்த மல்லார்ட் 5-10 ஆம்ப்ளிஃபயர் இந்தக் குடும்பம்தான். நான்கு ஈஎல்84 போட்ட வாக்ஸ் ஏசி30 கிடார் ஆம்ப்ளிஃபயரும் இதே வால்வை, ஃபீட்பேக் இல்லாமல், எல்லையைத் தாண்டியே ஓட்டுகிறது. அந்தச் சத்தம் கிடாருக்கு அழகு, வீட்டு ஸ்டீரியோவுக்கு வேண்டாம்.

சிறிய சிக்னலில் இரு வால்வுகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் பார்ப்பது 4 கே. பெரிய சிக்னலில் ஒன்று ஓய்ந்துவிட, மற்றது தனியாக 8 கே-யில் கால்பங்கான 2 கே-யைத் தள்ளுகிறது. எனவே லோடு லைன் நடுவில் வளைந்த கோடு. பிளேட் 300-இலிருந்து 40 வோல்ட்டுக்கு இறங்கினால் 260 வோல்ட் வீச்சு. 2 கே-யால் வகுத்தால் உச்சக் கரண்ட் 130 மில்லிஆம்ப். அதன் வர்க்கத்தை 2 கே-யால் பெருக்கிப் பாதியாக்கினால் 16.9 வாட். டேட்டாஷீட்டைத் திருப்புங்கள்: 17 வாட்.

டி.சி. இரு பாதிகளிலும் எதிரெதிராக ஓடி ரத்தாவதால் இந்த டிரான்ஸ்ஃபார்மருக்குக் காற்று இடைவெளி வேண்டாம், அதே இரும்பில் இண்டக்டன்ஸ் பல மடங்கு கிடைக்கும். ஆனால் இரு வால்வுகளும் ஓரளவுக்காவது ஜோடி பொருந்த வேண்டும். வைண்டிங் செய்பவரிடம் கொடுக்க வேண்டிய சீட்டில் இவ்வளவு இருந்தால் போதும்: பிரைமரி 8 கே பிளேட்டுக்குப் பிளேட், நடு டேப், இருபுறமும் 43 சதவீத டேப், செகண்டரி 4, 8 ஓம், 30 ஹெர்ட்ஸில் 15 வாட், இரு பாதிகளின் டி.சி. தடையும் முடிந்தவரை சமம். பிரைமரியும் செகண்டரியும் அடுக்கடுக்காக மாறி மாறிச் சுற்றியது.